துவக்கு இருக்கிற வீடு

யாழ்ப்பாணத்தில் பெண்கள் விடுதி ஒன்றின் மேற்பார்வையாளராக இருந்தவர் கமலாம்பிகை. தலையணை உறைக்குள் ஒளித்த ஊறுகாய்ப் போத்தலும் பாவாடை மடிப்பில் வந்த காதல் கடிதமும் அவருடைய மூக்குக்குத் தப்பியதில்லை. கனடாவுக்கு வந்தும் அந்த மூக்கு அப்படியேதான் இருந்தது. ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீட்டை வாங்கி, இரண்டு மகன்களையும் வோட்டர்லூவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, வெறுமையாகக் கிடந்த மேல் அறைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் யாரை அதட்டுவது?

அப்படித்தான் அந்த வீட்டுக்கு ஃபொஸ்ரர் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். நோயிலோ வேறு கரைச்சலிலோ விழுந்து பிள்ளையைப் பார்க்க முடியாமல் போன தாய் தகப்பன், எழும்பி நிற்கும் வரைக்கும் அந்தப் பிள்ளையை வைத்துப் பராமரிக்கிற வேலை அது. பிள்ளைகளை அனுப்பி வைக்கும் ஏஜென்சியிடம் அப்போது இருந்த ஒரே தமிழ் வீடு கமலாம்பிகையின் வீடுதான். இதை அவர் யாருக்கும் இரண்டு முறைக்குக் குறைத்துச் சொன்னதில்லை. பெருமைப்படுகிற விசயத்தில் அடக்கம் எதற்கு என்பது அவருடைய கட்சி.

அவருடைய கணவர் சண்முகநாதன் காருக்குப் பூட்டும் கதிரைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஃபோர்மனாக இருந்த கென் என்ற வெள்ளைக்காரர் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். ஒரு வருடம் துணைக்குச் சண்முகநாதனையும் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் கோழியின் கழுத்தைத் திருகவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்ட மனிதர், காட்டிலிருந்து திரும்பி வந்ததும் தனக்கும் மான் சுட ஒரு துவக்கு வேண்டும் என்றார். வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், பொலிசில் அனுமதிப் பத்திரம் எடுத்தார், பழைய வேட்டைத் துவக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகும் அவர் ஒரு மானைச் சுட்டதாகச் சரித்திரம் இல்லை. கென் சுட்டதில் ஒரு பங்கு வரும். கமலாம்பிகை அதை நன்றாக மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டி வைப்பார்.

துவக்கு வீட்டுக்குள் வந்த அன்றே கமலாம்பிகை ஏஜென்சியில் தங்களுக்குப் பொறுப்பான வேர்க்கர் டொனாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. டொனா வந்து பார்த்தாள். பேஸ்மென்றில் சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலுமாரி. அதற்குள் விசையிலும் ஒரு பூட்டுப் போட்ட துவக்கு. தோட்டாக்கள் மேல்மாடியில், கமலாம்பிகையின் காஞ்சிபுரங்களுக்குப் பின்னால், வேறு பூட்டில். திறப்புகள் எல்லாம் கமலாம்பிகையின் சங்கிலியில். தன் துவக்கைத் தொட்டுப் பார்க்கக்கூடச் சண்முகநாதன் மனைவியிடம் விண்ணப்பம் செய்ய வேண்டும்.

டொனாவுக்குத் திருப்தி. ஆனால் போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். இந்த விவரம் தனி உறையில் போட்டு மூடப்படும், ஏஜென்சியில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்ல மாட்டோம். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் கள்ளனும் வருவான், கோபத்தில் இருக்கிற தகப்பனும் வருவான். அதோடு அது உங்கள் சொந்த விசயம், நீங்களும் யாருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்றாள்.

கமலாம்பிகைக்கு இது பெரிய காரியமாகப் படவில்லை. அடுத்தவர் ஒளிப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத் தன்னுடையதை ஒளிக்கத் தெரியாதா? பாவம் சண்முகநாதன்தான். புல்லு வெட்டுகிற மெஷின் வாங்கியதையே ஒரு கோடைகாலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், துவக்கை வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்? கோயிலில், கலியாண வீட்டில், யாராவது காடு என்று சொன்னாலே அவருடைய வாய் திறக்கும். கமலாம்பிகை ஒரு பார்வை பார்ப்பார். வாய் மூடும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் நிலாணி வந்தாள். ஏழு வயது. தாய் சுபாங்கி அதற்கு முந்தைய வருடம்தான் ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்ற் ஒருவன் மூலமாகப் பிள்ளையோடு வந்து இறங்கி, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறையில் இருந்தவள். புருசன் ஊரில் இறந்துவிட்டான். எப்படி என்று அவள் சொல்லவில்லை. குளிர்காலம் முடிகிற நேரத்தில் அவளுக்குச் சாப்பாடு, நித்திரை எல்லாம் நின்றுபோய், எழும்ப முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொஞ்சம் தேறியதும் நகரத்தின் நடுவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளை வைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால் அவள் தானாகவே கையெழுத்துப் போட்டு நிலாணியைக் கொடுத்தாள். கொடுத்தவள் எப்போது வேண்டுமானாலும் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லலாம்.

முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது, சுபாங்கி வாசலிலேயே நின்று கேள்வி கேட்டாள்.

"அக்கா, வீட்டிலை ஆரும் குடிக்கிறவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"நாய்?"

"எங்கடை இவர்தான். கடிக்க மாட்டார்."

சுபாங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளை பயப்பிடுற மாதிரி வீட்டிலை ஒண்டும் இல்லையே அக்கா?"

"ஒண்டும் இல்லை, என்னைத் தவிர," என்றார் கமலாம்பிகை.

சொன்ன பிறகு மீன்முள் தொண்டையில் நின்ற மாதிரி கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சட்டம் தன் பக்கம். சொல்லத் தேவையில்லை என்று டொனாவே சொல்லியிருக்கிறாள். இரண்டு பூட்டுக்குள் கிடக்கிற ஒன்றுக்கு யார் பயப்படுவது? உறுத்தலை விழுங்கிவிட்டு நிலாணியின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நிலாணி கதைக்காத பிள்ளை. ஊமை இல்லை. கதைப்பதை நிறுத்திவிட்டவள். பள்ளிக்கூடத்தில் இல்லை, தாய் வரும் சனிக்கிழமைகளிலும் இல்லை. கமலாம்பிகை மட்டும் அவளோடு ஓயாமல் கதைத்தார். அதட்டினார், பகிடி விட்டார், பதில் வராவிட்டால் பதிலையும் தானே சொன்னார். ஆவணி மாதத்தில் ஒரு காலை, கமலாம்பிகை அடுப்பில் பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து மெல்லிய குரல் ஒன்று, "அன்ரி, பாண் கருகுது," என்றது. கமலாம்பிகை திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்பதற்காகப் பாணைக் கருக விட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "அன்ரி! கருகுது!" அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் கரிப் பாண்தான் சாப்பிட்டார்கள். அதன்பின் அவளுக்கு நாளுக்கு ஒரு சொல், பிறகு ஒரு வசனம் என்று பேச்சு வந்தது. கமலாம்பிகை தன் பிள்ளைகள் முதல் முதல் கதைத்தபோதுகூட இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

ஒக்ரோபரில் சரஸ்வதி பூசை வந்தது. நவராத்திரியின் கடைசி நாள் வீட்டில் படிக்கிறவர்கள் புத்தகத்தையும், தொழில் செய்கிறவர்கள் தங்கள் ஆயுதங்களையும் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். ஆயுதம் என்றால் தச்சனுக்கு உளி, தையல்காரனுக்குக் கத்தரிக்கோல். நாலைந்து குடும்பங்களை வரச் சொல்லியிருந்தார் கமலாம்பிகை. சுபாங்கியையும் அவர்தான் வரச் சொன்னார். பிள்ளையின் புத்தகம் பூசைக்கு வைக்கப்படும்போது தாய் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

காலையில் கமலாம்பிகை வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சண்முகநாதன் வந்தார்.

"இஞ்சேர் கமலம், அந்தத் திறப்பைத் தா. சீசன் வருகுதெல்லே, எண்ணெய் பூசவேணும்."

இரண்டு கையும் மாவு. "சங்கிலியிலை கிடக்குது, எடுங்கோ. பூசிப்போட்டு உடனை பூட்டுங்கோ," என்றார். விடுதியில் எந்தப் பிள்ளையையும் இப்படி நம்பியிருக்க மாட்டார். புருசனை நம்பினார்.

சண்முகநாதனின் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேட்டைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மான்கூட விழவில்லை. கென் பகிடி பண்ணுகிறார். ஏன் விழவில்லை? வருடா வருடம் ட்ரில்லையும் ஸ்பானரையும் காரின் திறப்பையும் பூசைக்கு வைக்கிறோம். வீட்டில் உண்மையான ஆயுதம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, அதை இருட்டில் பூட்டி வைத்திருக்கிறோம். ஆயுத பூசையன்று ஆயுதத்தை ஒளித்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? அவர் துவக்கை எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வெள்ளை வேட்டி ஒன்றால் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் சாத்தி வைத்தார். விசையில் பூட்டு இருந்தது. சுற்றி வைத்தாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பூசை முடிந்தது. அவல், கடலை, வடை எல்லாம் பரிமாறியாயிற்று. கமலாம்பிகை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அஜின்கோர்ட்டிலிருந்து வந்திருந்த செல்வரட்ணம், வாய் நிறைய வடையோடு சாமிப் படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை உது, நீட்டா? நாதஸ்வரமோ?"

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இரண்டு வருடமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த பெருமை முழுவதும் ஒரே நொடியில் சண்முகநாதனின் தொண்டைக்கு வந்துவிட்டது. "நாதஸ்வரமோ? உங்களுக்கு நாதஸ்வரம் காட்டுறன், பொறுங்கோ," என்று வேட்டியை உருவினார்.

கமலாம்பிகை தட்டத்தோடு வெளியே வந்து பார்த்தபோது, சந்தனப் பொட்டு வைத்த துவக்கு புருசனின் கையில். புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடக் குனிந்த நிலாணி அதற்கு ஒரு முழம் தள்ளி. அவளுக்குப் பின்னால் சுபாங்கி. முகத்தில் இரத்தம் இல்லை.

சுபாங்கி கத்தவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டும் போடாமல், வாசலைத் திறந்து வெளியே போனாள். கமலாம்பிகை பஸ் தரிப்பில் போய்த்தான் அவர்களைப் பிடித்தார்.

"சுபாங்கி, நில்லம்மா. அது வேட்டைத் துவக்கு. பூட்டிக் கிடக்கிறது. தோட்டா மேலை..."

"அண்டைக்கு வாசல்லை நிண்டு கேட்டனான் அக்கா. ஒண்டும் இல்லை எண்டு சொன்னியள்."

"சட்டப்படி சொல்லத் தேவையில்லை எண்டு..."

"நான் சட்டத்திட்டைக் கேட்கேல்லை. உங்களிட்டைக் கேட்டனான்."

பஸ் வந்தது. சுபாங்கிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் இல்லை. நிலாணியின் கையைக் கமலாம்பிகையின் கையில் கொடுத்துவிட்டு, கமலாம்பிகையின் முகத்தைப் பார்க்காமல் ஏறிப் போனாள். வீட்டுக்கு நடக்கும்போது நிலாணி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டோ? சண்முகநாதனின் ஒரு துவக்கு அஜின்கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாகிவிட்டது. வெக்ஸ்போர்ட்டில் அது பேஸ்மென்ற் நிறைந்த ஆயுதமாகிவிட்டது. மரக்கறிக் கடையில் ஒரு அம்மா, "உங்கடை வீட்டைச் சுத்தி இப்ப சென்றிக் காவலும் போட்டிருக்காமே?" என்று கேட்டார். "ஓம், வாங்கோவன், உங்களையும் ஒரு சென்றிக்கு விடுறன்," என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார் கமலாம்பிகை. ஊர்க்கதை அவரைச் சுடவில்லை. மேல் அறையில் ஒரு பிள்ளை மறுபடியும் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் சுட்டது.

சுபாங்கி ஏஜென்சிக்கு ஃபோன் எடுத்தாள். மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த வீட்டில் துவக்கு இருக்கிறதா? சொல்ல முடியாது. எப்படி வைத்திருக்கிறார்கள்? அதுவும் சொல்ல முடியாது, அது அந்தக் குடும்பத்தின் சொந்த விவரம். என் கண்ணால் பார்த்தேனே என்று அவள் சொன்னாள். நீங்கள் பார்த்ததைப் பற்றி எதுவும் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். சரி, அப்படியானால் பிள்ளையை மாற்றுங்கள் என்றாள்.

டொனா செவ்வாய்க்கிழமை வந்தாள். அலுமாரியைப் பார்த்தாள், பூட்டுகளை இழுத்துப் பார்த்தாள். பிள்ளை வீட்டில் இருக்கும்போது துவக்கை வெளியே எடுத்தது பிழை, இன்னொரு தடவை நடந்தால் வீட்டையே மூடவேண்டி வரும் என்று கண்டித்தாள். சண்முகநாதன் விடுதியில் பிடிபட்ட பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் பிள்ளையை எடுப்பதற்குக் காரணம் அது இல்லை. தாய் கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் வரும். தூரத்தில், பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு வீடு. நல்ல மனிதர்கள்.

"அங்கே யாருக்காவது தமிழ் தெரியுமா?" என்று கமலாம்பிகை கேட்டார்.

தெரியாது.

"இப்போதுதான் வசனம் கதைக்கத் தொடங்கினவள். அங்கே போனால் யாரோடு கதைப்பாள்?"

டொனா பேனையை மூடி வைத்தாள். அவளுக்கும் இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"துவக்கு எப்படிப் பூட்டி இருக்கிறது என்று நீங்கள் அந்தத் தாய்க்குச் சொன்னால் என்ன? ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவள் என்ன நினைப்பாள்?"

"முடியாது, கமலா. அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். உங்கள் தனிப்பட்ட விசயத்தை நாங்கள் காக்கிறோம்."

இரவு முழுக்க யோசிக்கிற பழக்கம் எல்லாம் கமலாம்பிகைக்கு இல்லை. அவர் அந்த இடத்திலேயே யோசித்து முடித்தார். தன்னைக் காக்கிறதற்காகப் போட்ட மூடி, இப்போது தன்னிடமிருந்து பிள்ளையைப் பறிக்கப் போகிறது. அதைவிட மோசம், ஒரு தாய் நியாயமாகக் கேட்ட கேள்விக்குத் தான் அந்த மூடிக்குப் பின்னால் நின்றுகொண்டு பகிடி விட்டிருக்கிறார்.

"என்னுடைய விசயம் என்றால், அதை யாருக்குச் சொல்லுவது என்பதும் என்னுடைய விசயம்தானே?" என்றார்.

டொனா தலையாட்டினாள். "ஓம். நான்தான் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்லுவதை நான் தடுக்க முடியாது."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை அவளைக் கார் வருவதற்கு முன்னால் இங்கே வரச் சொல்லுங்கள். பிள்ளையை வழியனுப்ப என்று சொல்லுங்கள். மிச்சம் என் பாடு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுபாங்கி வந்தாள். நிலாணி பள்ளிக்கூடத்தில். கட்டிய பை நடையில் இருந்தது. சுபாங்கி கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தாள். கமலாம்பிகை தேத்தண்ணி கொடுக்கவில்லை. உபசாரத்துக்கு உரிய நேரம் இது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"சுபாங்கி, இந்த வீட்டிலை ஒரு துவக்கு இருக்குது. நீ கேட்ட அண்டைக்கும் இருந்தது. நான் உனக்குப் பொய் சொல்லிப்போட்டன். சொல்லத் தேவையில்லை எண்டு அவை சொன்னது உண்மை. ஆனால் இல்லை எண்டு சொல்லச் சொல்லி அவை சொல்லேல்லை. அது என்ரை பிழை."

சண்முகநாதனும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். "தங்கச்சி, நான் அதை வித்துப்போடுறன். நாளைக்கே. எனக்கென்ன, மானும் விழுகுதில்லை."

"வேண்டாம் அண்ணை," என்றாள் சுபாங்கி. "வித்துப்போட்டம் எண்டு நீங்கள் சொல்லுவியள். நான் அதை எப்பிடி நம்புறது?"

பிறகு அவள் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எங்கடை வீட்டை ஒருநாள் தேட வந்தவங்கள். ஆர் எண்டு கேட்காதேங்கோ அக்கா. ஆயுதம் இருக்குதோ எண்டு கேட்டாங்கள். இல்லை எண்டன். நம்பேல்லை. நான் நிலாணியைக் கிட்ட இழுத்து, அவளின்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினன், இந்த வீட்டிலை ஒண்டும் இல்லை எண்டு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அக்கா. அவர் ஆரோ சிநேகிதனுக்காக ஒரு கைத்துவக்கு வாங்கி, துணியாலை சுத்தி, மாத் தகரத்துக்குள்ளை வைச்சிருந்திருக்கிறார். எனக்குச் சொல்லேல்லை. சொன்னால் நான் பயப்பிடுவன் எண்டு சொல்லேல்லையாம். அவங்கள் தகரத்தைக் கொட்டினாங்கள். மாவோடை சேர்ந்து விழுந்தது. அவரை வெளியிலை கொண்டு போனாங்கள்."

சுபாங்கி கோட்டின் பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

"அண்டைக்குப் பிறகு அவள் கதைக்கேல்லை. பிள்ளையின்ரை தலையிலை பொய்ச் சத்தியம் பண்ணினால் பிள்ளைக்குத்தானே வரும். என்ரை பாவம்தான் அவளின்ரை வாயைக் கட்டினது. அண்டையிலை இருந்து நான் அவளின்ரை தலையைத் தொடுறேல்லை அக்கா. பயம்."

துணியில் சுற்றிய துவக்கு. ஒன்றும் இல்லை என்ற சொல். இந்தப் பெண் தப்பி ஓடி வந்த அதே வீட்டைத்தான் தாங்கள் இங்கே அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் அவர் இல்லை. எழும்பிப் போய் சுபாங்கிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இஞ்சை பார். தெரிஞ்சுகொண்டு மறைச்சால்தான் அது பொய்ச் சத்தியம். உனக்குத் தெரியாது. நீ உனக்குத் தெரிஞ்ச உண்மையைத்தான் சொன்னனீ. சத்தியம் உன்னைப் பிடியாது, பிள்ளையையும் பிடியாது. பிடிக்கிறதெண்டால் ஒளிச்சவையைத்தான் பிடிக்கும். உன்ரை மனிசன் செத்துப்போட்டார், பாவம். இஞ்சை ஒளிச்சது நானும் இவரும். பிடிக்கிறதெண்டால் எங்களைப் பிடிக்கட்டும். நான் பாக்கிறன் அதை."

சுபாங்கி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"துவக்கு இருக்கிறதுக்கு எனக்குப் பயமில்லை அக்கா," என்றாள். "காட்டுக்குப் போற ஆக்கள் வைச்சிருப்பினம். எனக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் பயம். எங்கை இருக்குது, எப்பிடி இருக்குது எண்டு எனக்குத் தெரியவேணும்."

"வா," என்றார் கமலாம்பிகை.

மூவரும் பேஸ்மென்றுக்கு இறங்கினார்கள். கமலாம்பிகை சங்கிலியிலிருந்து திறப்பை எடுத்துச் சுபாங்கியின் கையில் கொடுத்தார். சுபாங்கியே திறந்தாள். துவக்கைத் தொடவில்லை, விசையில் இருந்த பூட்டைக் குனிந்து பார்த்தாள். சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கதவை மூடிப் பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு மறுபடி இழுத்தாள். அலுமாரி அசையவில்லை. மேலே போய்ச் சேலைகளுக்குப் பின்னால் தோட்டாப் பெட்டியையும் பார்த்தாள். ஒரு அறை விடவில்லை. மாவு வாளி, அரிசி வாளி, சலவை மெஷினின் பின்பக்கம். கமலாம்பிகை எல்லாவற்றையும் தானே திறந்து திறந்து காட்டினார். விடுதியில் அவர் செய்த சோதனைகளில் ஒன்றுகூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

கீழே வந்ததும் சுபாங்கி நடையில் நின்று, "ஃபோன் எடுக்கலாமோ அக்கா?" என்றாள். டொனாவின் இலக்கத்தைக் கமலாம்பிகை அழுத்திக் கொடுத்தார். சுபாங்கிக்கு இருந்தது கொஞ்ச ஆங்கிலம்தான். அதில் இருந்த பயம் மட்டும் இப்போது இல்லை.

"மிஸ் டொனா, நோ கார். நிலாணி ஸ்ரே ஹியர்." அந்தப் பக்கம் டொனா ஏதோ நீளமாகக் கேட்டாள். சுபாங்கி பொறுத்திருந்து கேட்டுவிட்டு, "நோ, நோ. யூ டோன்ற் ரெல் மீ. ஷீ ரெல் மீ. ஐ நோ எவ்ரிதிங்," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

சண்முகநாதன் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மேலே போனார். மூக்கைச் சிந்துகிற சத்தம் படியில் கேட்டது. பிறகு காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

நிலாணி வந்து சப்பாத்தைக் கழற்றினாள். நடையில் பை இருந்த இடத்தைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிள்ளையின் தலைமயிர் முழுக்கக் கலைந்து கிடந்தது.

"இஞ்சை வா பிள்ளை," என்றாள் சுபாங்கி. "தலை குழம்பிக் கிடக்குது."

கமலாம்பிகை ஒன்றும் சொல்லாமல் சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலாணி தாயின் முழங்காலுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். சுபாங்கியின் கை கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு அவள் உள்ளங்கையை மகளின் உச்சந்தலையில் வைத்தாள். எடுக்கவில்லை.

"அம்மா," என்றது பிள்ளை. "நான் அந்தத் தூர வீட்டை போகேல்லையோ?"



"இல்லை," என்றாள் சுபாங்கி. "நீ இஞ்சைதான். இஞ்சை பயப்பிட ஒண்டும் இல்லை. அம்மா எல்லா இடமும் பாத்திட்டன்."

அவளுடைய கை பிள்ளையின் தலையிலேயே இருந்தது. தான் சொன்னது உண்மை என்று இந்த முறை அவளுக்குத் தெரியும்.